வெள்ளம் வடிந்த வீட்டுக்கு வெட் அண்ட் டிரை வாக்குவம்: வாங்கலாமா?

மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வந்து போகிற தரைத்தள வீடு என்றால், தண்ணீரையும் தூசியையும் ஒரே தொட்டியில் உறிஞ்சுகிற வெட் அண்ட் டிரை வாக்குவம் கிளீனரைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் தண்ணீர் வடிந்ததும் முதலில் கையில் எடுக்க வேண்டியது அது இல்லை. விளம்பரத்தில் காட்டுவதுபோல் அது மட்டுமே வீட்டைக் காப்பாற்றியும் விடாது. இடையில் வருகிற ஒரு வேலையை, வேறு எதனாலும் செய்ய முடியாத அளவுக்கு நன்றாகச் செய்யும். அந்த வேலை எது, அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

என்னுடையது 30 லிட்டர் தொட்டி, 1,400 வாட் மோட்டார், கீழே சக்கரம், பின்பக்கம் காற்றை வெளியே தள்ளும் வாய். 2021 மழைக்குப் பிறகு 8,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வாங்கினோம். கம்பெனி பெயரை எழுதவில்லை. இதே அமைப்பில் பல கம்பெனிகள் விற்கின்றன, நான் சொல்லப்போவது ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

நான் இருப்பது சென்னையில் தாம்பரம் பக்கம் முடிச்சூர். அடையாறு நிரம்பினால் எங்கள் பக்கமும் வரதராஜபுரமும் தப்பாது. 2015, 2021, 2023 என்று வருடத்தைச் சொன்னாலே தண்ணீர் எந்த அளவுக்கு நின்றது என்று தெருவில் யாரும் சொல்லிவிடுவார்கள். வீட்டின் முன்னறைதான் என் தையல் கடை. இரண்டு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக், அலமாரி நிறைய வாடிக்கையாளர்களின் பிளவுஸ் துணி. 2023 டிசம்பர் 3 இரவு தொடங்கி 4ஆம் தேதி முழுக்க மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. புயல் 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையைக் கடந்தும் போய்விட்டது. தண்ணீர் மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போக மனமில்லாமல் கிடந்தது. இந்த வாக்குவத்தின் முழு உழைப்பையும் அப்போதுதான் பார்த்தேன்.

மெஷினுக்கு முன்னால் கரண்ட் விஷயம். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். மெயின் பாக்ஸ் நனைந்திருந்தாலோ, அதன் அருகே போகத் தண்ணீரில் நிற்க வேண்டியிருந்தாலோ, அதைத் தொடவே கூடாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லி, வெளியே இருந்தே லைனைத் துண்டிக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் பலருக்கும் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. மெயினை அணைத்த பிறகும், தெருவிலேயே கரண்ட் இல்லாத போதும், இன்வெர்ட்டர் வீட்டு ஒயரிங்குக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். எங்களுக்கு வழக்கமாக வருகிற எலெக்ட்ரீஷியன் அண்ணன் வாசலிலேயே நின்று, “இன்வெர்ட்டர் எங்க இருக்கு? அத முதல்ல சொல்லுங்க, அப்புறம் உள்ள வர்றேன்” என்றார். பேட்டரி ஒயரைக் கழற்றிய பிறகுதான் எங்களையும் உள்ளே விட்டார்.

அவரிடம் மெகர் என்று ஒரு கருவி உண்டு. ஒயரிங்கில் 500 வோல்ட் செலுத்தி, ஒயரின் மேலுறை வழியாகக் கரண்ட் கசிகிறதா என்று காட்டும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால், அதாவது கசிவு அதிகம் என்றால், அந்த லைனுக்குக் கரண்ட் கொடுக்க மாட்டார். முன்னறை லைன் தேறவில்லை. சுவிட்ச் பாக்ஸ்களைத் திறந்துபோட்டு, பைப்புக்குள் தேங்கிய தண்ணீரை வடியவிட்டு, பிறகு வந்து மறுபடி பார்த்தார். “பல்பு எரியுது, அவ்வளவுதான்” என்று விட்டுவிடுகிற ஆள் வேண்டாம். மெகர் வைத்திருக்கிற ஆளைத் தேடிப் பிடியுங்கள். வாக்குவத்துக்குக் கொடுக்கிற காசை விட இந்தச் சோதனைக்குக் கொடுக்கிற காசுக்கு மதிப்பு அதிகம்.

அப்படியானால் வாக்குவத்துக்குக் கரண்ட்? மாடி வீட்டு அக்காவின் 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் இறக்கினோம். மாடி லைனில் 30 மில்லியாம்பியர் கசிவுக்கே விழுந்துவிடுகிற டிரிப்பர் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் எடுத்தோம். எக்ஸ்டென்ஷன் பெட்டியை ஜன்னல் கம்பியில் உயரக் கட்டினோம், தரையில் வைக்கவே இல்லை. இப்படி ஒரு பாதுகாப்பான லைன் கிடைக்காத வீட்டில் இந்த மெஷினால் ஒரு பயனும் இல்லை, பெட்டியிலேயே இருக்கட்டும். காஸ் சிலிண்டர் தண்ணீரில் மிதந்திருந்தால் ஏஜென்சியிலிருந்து வந்து பார்க்கும்வரை அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். வாடை வந்தால் 1906க்குச் சொல்லுங்கள், மின்சார சுவிட்ச் எதையும் தட்டாதீர்கள்.

சுத்தம் செய்யத் தொடங்கும் முன் போட்டோவும் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு அறையும், சுவரில் தண்ணீர் நின்ற கோடும், அந்தக் கோட்டின் பக்கத்தில் விரித்துப் பிடித்த டேப்பும் படத்தில் வர வேண்டும். தையல்காரி வீட்டில் டேப்புக்கா பஞ்சம்! மெஷின், ஃபிரிட்ஜ் போன்றவற்றின் மாடல் எண் ஒட்டியிருக்கிற இடத்தையும் எடுங்கள். வீட்டு இன்சூரன்ஸ் இருந்தால், சேதத்தைக் கணக்கிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வருவதற்குள் எதையும் குப்பையில் போட வேண்டாம், போட்டே ஆக வேண்டுமென்றால் கம்பெனிக்குச் சொல்லிவிட்டுப் போடுங்கள். 2021 ஏப்ரலிலிருந்து பொது இன்சூரன்ஸ் கம்பெனிகள் பாரத் கிருஹ ரக்ஷா என்று ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசி விற்கின்றன. வெள்ளம், புயல், தீ மூன்றும் அதில் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தால் அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், வீட்டுச் சாமான்களுக்கும் தானாகச் சேரும். என்னைப்போல் வீட்டிலேயே தொழில் செய்பவர்கள் தொழில் சாமான்களுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். சிறு தொழில்களுக்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று வேறு பாலிசி உண்டு. எங்கள் தெருவில் இதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களே குறைவு. ரேஷன் கடையில் அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் கைகொடுத்தது உண்மைதான். ஆனால் ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்கக்கூட அது காணாது.

இனி மெஷினுக்கு வருகிறேன். நின்ற தண்ணீரை வெளியேற்ற இதை நம்பாதீர்கள். 10க்கு 12 அடி அறையில் ஒரு அங்குலம் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 280 லிட்டர். 30 லிட்டர் தொட்டி என்று போட்டிருந்தாலும் முழு 30 பிடிப்பதற்கு முன்பே உள்ளே இருக்கிற மிதவை எழும்பி உறிஞ்சலை நிறுத்திவிடும். அப்படிப் பார்த்தால் ஒரு அறைக்கே பத்து தடவைக்கு மேல் தொட்டியைக் காலிசெய்ய வேண்டும். முழங்கால் தண்ணீருக்கு வாடகைப் பம்பு, கணுக்கால் தண்ணீருக்கு நீளக் கைப்பிடி வைப்பர் என்று முடித்துவிட்டு, தரையில் வழுவழுவென்று சேறு மட்டும் மிஞ்சும்போது மெஷினை இறக்குங்கள்.

அந்த இடத்தில் இது அசத்திவிடுகிறது. வெள்ளச் சேறு களிமண் மாதிரி நைசாக இருக்கும். மாப் போட்டால் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகுமே தவிர, வீட்டை விட்டு வெளியே போகாது. காய்ந்துவிட்டாலோ டைல்ஸ் இடுக்கில் சிமென்ட்போல் பிடித்துக்கொள்ளும். அதனால் ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், காய்ந்திருந்தால் நல்ல தண்ணீர் தெளித்து இளக்கிவிட்டு எடுக்க வேண்டும். ரப்பர் பட்டை வைத்த அகல வாயைத் தரையோடு ஒட்டி நம் பக்கமாக இழுத்தால், பின்னாலேயே டைல்ஸின் நிறம் தெரிந்துகொண்டே வரும். கதவு நிலையின் அடி, பீரோவின் அடி, கிரில் கேட் ஓடுகிற பள்ளம், தையல் மெஷின் ஸ்டாண்டின் கால் பக்கம் என்று துணி நுழையாத இடத்துக்கெல்லாம் ஒடுக்கமான வாயைப் போட்டுக்கொள்ளலாம். தொட்டி நிரம்பியதும் மோட்டார் சத்தம் சட்டென்று கீச்சென்று மாறும். அதுதான் அடையாளம், உடனே அணைத்துவிட வேண்டும்.

தண்ணீர் எடுக்கும்போது மடிப்பு மடிப்பாக இருக்கிற காகித ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஸ்பாஞ்ச் உறையைப் போட வேண்டும். காகித ஃபில்டர் நனைந்தால் கூழாகிவிடும். என் கடையில் இன்னொரு தொல்லையும் இருந்தது. சேற்றோடு நூல் பந்து, லைனிங் துண்டு, பாபின், ஊக்கு எல்லாம் கலந்து கிடந்தன. நூல் குழாய்க்குள் போய்ச் சுருண்டு கொண்டால் பின்னால் வருவதெல்லாம் அங்கேயே அடைத்துக்கொள்ளும். பெரியதைக் கையுறை போட்டுப் பொறுக்கினோம். கெட்டிச் சேற்றை முறத்தால் வழித்துப் போட்டோம். மீதிக்கு, பழைய கொசுவலையில் சதுரமாக ஒரு துண்டு வெட்டி மெஷினின் வாயில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். சேற்றுத் தண்ணீர் உள்ளே போனது, ஊக்கும் பாபினும் வெளியே நின்றன. உறிஞ்சும் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் குழாய் அடைக்கவில்லை. பித்தளை பாபின்களை மண்ணெண்ணெயில் கழுவி இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

குறைகளும் உண்டு. நிரம்பிய தொட்டி 25 கிலோவுக்கு மேல் கனக்கும். ஒரு ஆளால் வாசற்படி தாண்டித் தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட முடியாது. அடியில் தண்ணீர் திறந்துவிட மூடி இருக்கிறது, ஆனால் சேற்றுக்கு அந்தத் துளை போதவில்லை, விரலை விட்டுக் குடைந்துகொண்டே இருக்க வேண்டும். பாதி தொட்டியிலேயே காலிசெய்வதுதான் முதுகுக்கு நல்லது. ஒயர் குட்டை. சத்தம் அதிகம், பக்கத்து அறைக் குழந்தை விழித்துக்கொள்ளும். குழாய் இணைப்பில் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிட்டது, உதிரிக்குத் தாம்பரம் முழுக்க அலைந்தும் கிடைக்காமல் பைக் டியூபை வெட்டிச் சுற்றி ஓட்டினோம். வேலை முடிந்த பிறகு நல்ல தண்ணீரை ஒரு பக்கெட் உறிஞ்சவிட்டு, தொட்டியையும் குழாயையும் வெயிலில் காயவைக்காவிட்டால் மறுநாளே சாக்கடை நாற்றம் வரும்.

சேறு போன பிறகுதான் பிளீச்சிங் பவுடர். சேற்றின் மேலேயே போட்டால் அதன் வீரியம் சேற்றிலேயே தீர்ந்துவிடும், தரைக்கு ஒன்றும் மிஞ்சாது. பிளீச்சிங் போட்ட இடத்தில் பாத்ரூம் ஆசிட் ஊற்றக் கூடாது, விஷவாயு கிளம்பும். பட்டுத் துணிப் பக்கம் பிளீச்சிங் போகவே கூடாது. வாடிக்கையாளர்களின் பட்டு பிளவுஸ் பிட்டுகளை நிறம் வாரியாகப் பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, விரித்து, மாடி நிழலில் காயவைத்தோம். மடித்தபடி விட்டிருந்தால் ஒன்றின் சாயம் ஒன்றில் இறங்கியிருக்கும். இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, ஸ்பாஞ்ச் சோபா இவற்றை இந்த மெஷினால் உறிஞ்சிக் காப்பாற்றலாம் என்று கடையில் சொல்வார்கள். குழாய் உடைந்து நல்ல தண்ணீர் கொட்டியிருந்தால் சரி. சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறியதை எடுத்துப் போட்டுவிடுங்கள், குழந்தைகள் படுக்கிற இடம்.

காகிதத்தின் பக்கம் வாக்குவத்தைக் கொண்டுபோகவே வேண்டாம். என் அளவு நோட்டு நனைந்துவிட்டது. ஆண்டுக்கணக்காக வருகிறவர்களின் தோள், கை, இடுப்பு அளவெல்லாம் அதில்தான். பால்பாயின்ட் பேனாவில் எழுதியதெல்லாம் அப்படியே நின்றது, ஜெல் பேனாவில் எழுதிய பக்கங்கள் நீலமாகக் கரைந்துவிட்டன. ஈரப் பக்கங்களை இழுத்துப் பிரிக்காமல், நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அக்கா வீட்டு ஃப்ரீஸரில் வைத்தேன். உறைந்துவிட்டால் பூஞ்சை பிடிக்காது. வீட்டு வேலை ஓய்ந்த பிறகு எடுத்து, மெல்ல இளகவிட்டு, பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைத் தாள் செருகி, ஃபேன் காற்றில் காயவைத்தேன். பத்திரம், மார்க் ஷீட்டுக்கும் இதே வழிதான். கிழிந்தே போனாலும் கலங்க வேண்டாம். வெள்ளத்தில் போன சான்றிதழ்களுக்கு நகல் தர 2015லும் 2023லும் அரசு தனி முகாம்கள் நடத்தியது.

ஈரம் வாங்குவதில் இந்த மெஷினுக்குப் பெரிய பங்கு இல்லை. பின்பக்க வாயில் குழாயை மாட்டினால் காற்றுத் தள்ளும். தையல் மெஷினின் ஷட்டில் பக்கம், பெல்ட், ஸ்டாண்டு இடுக்குகளில் நிற்கிற தண்ணீரை விரட்ட அது மிகவும் உதவியது. அதன் பிறகு மெஷின் தலைக்கு மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி அழுக்கை இறக்கி, மெஷின் ஆயில் விட்டோம். மண்ணெண்ணெயை வாக்குவத்தால் உறிஞ்சக் கூடாது, தீப்பிடிக்கும். மோட்டார்களைச் செருகிப் பார்க்காமல் நேராக வைண்டிங் கடைக்கு அனுப்பினோம். அவர்கள் சூடேற்றிக் காயவைத்து, சோதித்துக் கொடுத்தார்கள். இரண்டு மோட்டார் தேறின, ஓவர்லாக் மோட்டாருக்கு மட்டும் புது வைண்டிங் போட வேண்டியிருந்தது.

சுவருக்கு, வாடகைக்கு எடுத்த ஈரம் உறிஞ்சும் மெஷின், அதாவது டிஹியூமிடிஃபையர்தான் உதவியது. வெயில் அடிக்கிற பகலில் ஜன்னல், கதவைத் திறந்து ஃபேன் போட்டோம். மழை மூட்டமாக இருந்தால் எல்லாவற்றையும் சாத்திவிட்டு டிஹியூமிடிஃபையரை ஓட்டினோம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அதை ஓட்டினால் ஊர் ஈரத்தையெல்லாம் அது வாங்கிக்கொண்டிருக்கும். சுவர் காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி: ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் பெயின்டரைக் கூப்பிடாதீர்கள். சீக்கிரம் அடித்த பெயின்ட் உரிந்து கொட்டுவதை 2015க்குப் பிறகு எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பார்த்தோம்.

தீ விபத்துக்கும் இதே மெஷின் ஒரு முறை போனது. குரோம்பேட்டையில் என் நாத்தனார் வீட்டில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. அடுக்ககத்தில் இருந்த தீயணைப்பானை அடித்து அணைத்துவிட்டார்கள், ஆனால் சமையலறை முழுக்கத் தீயணைப்பானிலிருந்து வந்த மஞ்சள் நிறப் பொடியும் கரியும். அந்தப் பொடி ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்கும், அதனால் நாள் கடத்தாமல் எடுக்க வேண்டும். மெஷினை நன்றாகக் காயவைத்து, தூசிப் பையும் நைஸ் தூசிக்கான ஃபில்டரும் சேர்த்துப் போட்டால்தான் இதற்கு ஆகும். சாதா ஃபில்டரில் அந்தப் பொடி பின்பக்கமாக வெளியே வந்து வீடெல்லாம் பரவும். சுவரில் படிந்த கரியின் மேல் பிரஷைத் தேய்க்காமல், வாயைச் சற்றுத் தள்ளிப் பிடித்து உறிஞ்ச வேண்டும். ஈரத் துணி போட்டீர்களோ, கரி சுவருக்குள் இறங்கிவிடும். சூடு ஆறாத சாம்பலை எந்த வாக்குவத்திலும் எடுக்கக் கூடாது. இந்த வேலைக்கு மெஷின் சுமார் ரகம்தான், பாதியைத்தான் எடுத்தது. மீதிக்கு ஆள் வைத்துச் சுத்தம் செய்தார்கள்.

மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இது தேவையில்லை. எங்களைப்போல் தாழ்வான தெருவில் வீட்டுக்கு ஒன்று வாங்குவதை விட, நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கி மாடி வீட்டில் வைத்துக்கொள்வதுதான் சரி. ஒரு வீட்டுக்கு ஒரு பகல் போதும், அடுத்த வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போகலாம். எங்களுடையது அப்படித்தான் தெருக்கோடிவரை போய்வந்தது. கடையில் பார்க்கும்போது வாட் கணக்கை விட, குழாய் எவ்வளவு அகலம், அடி மூடி எவ்வளவு பெரிது, குழாயும் ஸ்பாஞ்ச் உறையும் தனியாகக் கிடைக்குமா என்று பாருங்கள். குழாயும் உறையும் ஒவ்வொன்று கூடுதலாக அன்றைக்கே வாங்கிவிடுங்கள். டிசம்பர் மழையில் போய்க் கேட்டால் எந்தக் கடையிலும் இருக்காது.